நிலா முழுதாக நிற்கும்போது ஏன் விளக்கு?

தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கேட்டால், வருடத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2023இல் இரண்டே வாரம்: நவம்பர் 12 தீபாவளி, 26 தீபம். 2025இல் ஆறு வாரம் தாண்டிவிட்டது: அக்டோபர் 20 தீபாவளி, டிசம்பர் 3 தீபம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. அதற்கடுத்த பௌர்ணமி கார்த்திகை மாதத்துக்குள் விழுந்தால் உடனே தீபம். ஐப்பசியிலேயே விழுந்துவிட்டால் இன்னொரு பௌர்ணமி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அமாவாசை இருட்டில் விளக்கேற்றுவது யாருக்கும் புரியும். ஆனால் தமிழ் வீடுகளில் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு, பலகாரம்தான்; வரிசையாக அகல் வைக்கும் நாள் கார்த்திகை. அதாவது நிலா முழுதாக எழுந்து நிற்கிற இரவில் நாம் விளக்கேற்றுகிறோம். ஏன்?

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அந்தக் கிளாசை மேசை நடுவில் வையுங்கள். அதுதான் பூமி. இடது கைப்பக்கம் சர்க்கரை டப்பாவை வையுங்கள், அது சூரியன். பௌர்ணமி என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே, வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக ராசியில் இருக்கிறது. அதற்கு நேர் எதிர் ரிஷபம். கார்த்திகை நட்சத்திரத்தின் முதல் பாதம் மேஷத்தில், மற்ற மூன்றும் ரிஷபத்தில். ஆக இந்த மாதத்துப் பௌர்ணமி நிலா கார்த்திகை விண்மீன்கூட்டத்தின் பக்கத்திலேயே போய் நிற்கிறது. நிலா மாதம் ஒருமுறை அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் போகிறது. அதனால்தான் மாதாமாதம் கிருத்திகை விரதம். ஆனால் மற்ற மாதங்களில் அது பிறையாகவோ அரை நிலாவாகவோ தேய்நிலாவாகவோ கடக்கும். முழு நிலாவும் கார்த்திகையும் சேர்கிற கார்த்திகை மாதத்து இரவைத்தான் நம் முன்னோர் விளக்குக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் பஞ்சாங்கக்காரர்கள் பின்னால் பொருத்திச் சொன்னதாக நினைக்க வேண்டாம். அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் இதே வானத்தைக் காட்டுகிறார். மழை பெய்து ஓய்ந்த ஆகாயம். உழவு முடிந்து கலப்பைகள் தூங்குகின்றன. முயல் மறு தெரிய நிலா நிறைந்து கார்த்திகையின் ஆறு மீன்களோடு சேர்கிறது. நள்ளிரவில் தெருவெல்லாம் விளக்கு, மாலை. பொருள் தேடப் போன கணவன் இந்த விழாவுக்கு வந்துவிட வேண்டுமே என்று ஏங்குகிறாள் தலைவி. விழாவைச் சொல்லும் அந்த வரிகளில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. மழை விட்டது, வேலை முடிந்தது, வானம் தெளிந்தது, போனவர்கள் வீடு திரும்ப வேண்டும். எனக்கு இந்தப் பண்டிகையின் ஆதாரமே இதுதான் என்று தோன்றுகிறது. பிறகு ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவைப் பதிகம் பாடும்போது, கார்த்திகை விளக்கீடு கபாலீச்சரத்தின் பெருவிழாக்களில் ஒன்றாகிவிட்டது. அதைப் பழைய விழா என்றே அவர் குறிப்பிடுகிறார்.

கதைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிரம்மா அன்னமாகி முடியையும், திருமால் பன்றியாகி அடியையும் தேட, இரண்டும் காணாமல் நின்ற நெருப்புத் தூண் சிவன்; அந்தத் தூண் குளிர்ந்ததே அண்ணாமலை. ஆறு கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்த பிள்ளை முருகன். நெருப்புக் கதை ஒன்று, மீன் கதை ஒன்று. இரண்டும் ஒரே இரவில் வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை.

திருவண்ணாமலையில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடியேறிப் பத்தாம் நாள் விடியலில், கோயிலுக்குள் பரணி தீபம். நட்சத்திர வரிசையில் கார்த்திகைக்கு முந்தியது பரணி என்பதை நினைவில் வைத்தால் பெயர் விளங்கிவிடும். ஒரு சுடரிலிருந்து ஐந்து சுடர் ஏற்றுவார்கள். ஒன்றானவன் பலவாகிறான். மாலையில் பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருள, அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வந்து சில நிமிடங்களே காட்சி கொடுத்து உள்ளே போய்விடுவார். கொடிமரத்தருகே தீபம் எரியும் அதே வேளையில், ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏற, நடுவில் மலைமேல் நெருப்பு. மேசைமேல் வைத்துப் பார்த்தோமே, அதே ஏற்பாடு.

அந்த நெருப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பேசாமல் தீபத்தைப் பேசக் கூடாது. ஆளுயரச் செப்புக் கொப்பரை, 3,000 கிலோவுக்கு மேல் நெய், 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணி, கற்பூரம் எல்லாம் மனிதர்களின் தோளில்தான் மலை ஏறுகின்றன. ஏற்றும் உரிமை தலைமுறை தலைமுறையாகப் பருவதராஜ குலத்தாருக்கு. பதினோரு நாள் தீபம் எரியும். அணைந்தபின் கொப்பரையின் கரி, மார்கழித் திருவாதிரையில் நடராஜருக்குச் சாத்தும் மையாகிறது.

மழை எல்லா வருடமும் நக்கீரர் சொன்னபடி ஓய்ந்துவிடுவதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலைச்சரிவு சரிந்து, அடிவாரத்து வீட்டில் ஏழு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. அந்த வருடம் பக்தர்கள் மலையேறத் தடை. தீபப் பணிக்கு வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். தெய்வமாக வணங்கும் மலைக்கு அதுவே சரியான மரியாதை என்பேன்.

ஊர்ப்புறக் கார்த்திகையில் பனைமரத்துக்குப் பெரிய பங்கு. கோயில் முன்னால் பனந்தண்டை நட்டு, காய்ந்த ஓலை சுற்றிக் கொளுத்தினால் சொக்கப்பனை. பனம்பூவைக் கரியாக்கிப் பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைகளுக்கு நடுவே கட்டிச் சுழற்றினால் மாவலி. பொறி வட்டமாகச் சிதறும். பட்டாசு வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. பனைகள் குறையக் குறைய மாவலி சுற்றத் தெரிந்த கைகளும் குறைகின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வீட்டில் நெல்பொரி உருண்டை, அப்பம். அகல் வாசலில் மட்டும் இல்லை; கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைமேடு வரைக்கும் போகும். குப்பைக் கார்த்திகை என்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் இது விளக்கீடுதான். காலண்டரில் ‘பாஞ்சராத்திர தீபம்’ என்று பக்கத்து நாளில் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ரோகிணியைக் கணக்கில் கொள்ளும் வைணவக் கோயில்களின் தீபம் அது.

அந்த ஆறு மீன்களைப் பார்க்க ஆசையிருந்தால் தீபத்தன்று முயல வேண்டாம், நிலா வெளிச்சம் மறைத்துவிடும். ஐந்தாறு நாள் கழித்து, இரவு எட்டு மணிவாக்கில், நிலா எழும் முன் மொட்டைமாடியில் கிழக்கே நன்றாக மேலே பாருங்கள். சின்னக் கொத்தாகத் தெரியும். பிள்ளைகளையும் கூட்டிப்போய் எண்ணச் சொல்லுங்கள். கூர்மையான கண்ணுக்கு ஏழாவதும் அகப்படலாம்.