புலனத்தில் வரட்டும் இந்தச் செய்தி

புலனக் குழு என்றாலே காலை வணக்கமும் பூப்படமும்தானா? கெமாஸ் தோட்டப்புறக் கர்ப்பிணிகளுக்கு அதே குழுவில் குரல் பதிவாக எச்சரிக்கையும் அனுப்பலாம். இந்தியாவில் 2016இல் தொடங்கிய 'கில்காரி' திட்டம், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை 72 பதிவுகளைக் கைப்பேசி அழைப்பிலேயே கேட்க வைக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் அது போய்ச் சேரும்.

நம் குழுவில் முதலில் விளக்க வேண்டியது, கிளினிக் புத்தகத்தில் மிஸ்ஸி ஒட்டும் வண்ணக் குறி. சிவப்பென்றால் உடனே மருத்துவமனை. வெள்ளைதானே என்று அசட்டையாகவும் இருக்கக்கூடாது. அடுத்த பரிசோதனையிலேயே நிறம் மாறலாம். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், நெஞ்சுக்குழி வலி வந்தாலோ, ஏழு மாதத்துக்குமேல் குழந்தையின் அசைவு 12 மணி நேரத்தில் பத்துக்குக் குறைந்தாலோ, குழுவில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று அக்காமார் பதில் போடுவதற்குள் கிளம்பிவிடுங்கள். கணவரையும் குழுவில் சேர்த்துவிடுங்கள். வண்டி ஓட்டப்போவது அவர்தானே!