சாங்க்ரி போய்ச் சேரும் வரை

கேதார்காந்தா போவதென்று முடிவானதும் நம்மவர்கள் முதலில் விலை கேட்பது பூட்ஸுக்கு. பிறகு ஜாக்கெட், கையுறை, வாடகைக்குக் கைத்தடி. உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சுமார் 12,500 அடி உயரத்தில் இருக்கும் அந்தச் சிகரத்துக்குக் குளிர்காலத்தில்தான் கூட்டம்; பனியில் நடக்கத்தானே போகிறோம். ஆகவே எத்தனை நாள் நடை, எங்கே கூடாரம் என்பதெல்லாம் கச்சிதமாக எழுதப்பட்டிருக்கும். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமத்துக்கு வண்டியில் போய்ச் சேர்கிற நாள் மட்டும் ‘பயணம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். அந்த நாளை முதலில் திட்டமிட்டுவிட்டு, மிஞ்சிய நாட்களுக்குள் நடையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

டேராடூனிலிருந்து சாங்க்ரி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற தூரம்தான். ஆனால் முசூரி, நௌகாவ், புரோலா, மோரி என்று மலையைச் சுற்றிச் சுற்றிப் போக எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். டிசம்பர் கடைசியில் டேராடூனில் சூரியன் உதிக்க ஏழு மணி தாண்டிவிடும். மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடும். பள்ளத்தாக்குக்குள் வெயில் அதற்கும் வெகு முன்பே முகட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. காலை ஏழுக்குக் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, தடங்கல் எதுவுமே இல்லாமல் போனால்தான் வெளிச்சத்தோடு ஊர் சேரலாம். கணக்கில் உபரி என்று எதுவும் கிடையாது. இந்தக் கணக்கை நம்பி, டெல்லியிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்காலை டேராடூன் ஸ்டேஷனிலேயே வண்டி ஏறுவதாகத் திட்டம் போடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் வட இந்திய மூடுபனி ரயிலை மூன்று மணி நேரம் தாமதப்படுத்துவது செய்தியே அல்ல. அந்த மூன்று மணி நேரமும் போய் விழுவது பயணத்தின் கடைசிப் பகுதியில்: மோரிக்கு மேலே, டோன்ஸ் ஆற்றை ஒட்டிய, ஆகக் குளிர்ந்த, ஆகக் குறுகலான சாலையில், இருட்டில்.

இருட்டு மட்டும் என்றால் மெதுவாகப் போய்க்கொள்ளலாம். கூடவே ‘பாலா’ இருக்கிறது. நம் ஊரில் அது ஆள் பெயர், அங்கே உறைபனி. மலைச்சரிவிலிருந்து கசிகிற தண்ணீர் வளைவில் சாலையைக் கடக்கும். வெயில் போனதும் அது கண்ணாடித் தாள்போல உறைந்துவிடும். பார்த்தால் ஈரத் தார்ச்சாலை மாதிரிதான் இருக்கும், மினுக்கம்கூடச் சரியாகத் தெரியாது. விவரமான ஓட்டுநர் அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கிக் காலால் தேய்த்துப் பார்த்து, ஓரத்து மண்ணை அள்ளித் தூவிவிட்டு வருவார். ‘நாங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்கிறோம்’ என்பார்கள். நான்கு சக்கரத்துக்கும் விசை போனால் வண்டி வழுக்காமல் கிளம்பும், ஏறும். நிறுத்தும்போது அது உதவாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் ஐந்து மீட்டரில் நிற்கிற வண்டி, பனிக்கட்டியில் சுமார் 35 மீட்டர் ஓடும். அதுவும் சமதரைக் கணக்கு. மலைச்சாலை வளைவில் 35 மீட்டருக்கு எங்கே போவது? டயருக்குச் சங்கிலி இருக்கிறதா என்பதும், ஓட்டுநர் முந்தின இரவு தூங்கினாரா என்பதும் வண்டி என்ன மாடல் என்பதைவிட முக்கியமான கேள்விகள்.

‘இதெல்லாம் அழைத்துப் போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது அடுத்த சமாதானம். வண்டி அவர்கள் பொறுப்புதான். ஆனால் உங்கள் ரயிலையும் விமானத்தையும் பதிவு செய்தது நீங்கள். நீங்கள் தாமதமாக வந்தால் அவர்களும் இருட்டில்தான் ஓட்டியாக வேண்டும். லீவு கிடைக்காது என்பது அதைவிட நியாயமான மறுப்பு. ஒரு நாள் முன்னதாக டேராடூன் வந்து தூங்கி எழ, உண்மையிலேயே ஒரு நாள் லீவு செலவாகும். அது முடியாதென்றால் சிகரத்தை விட்டுவிட்டு, சுமார் 9,000 அடியில் இருக்கும் ஜூடா கா தலாப் ஏரியோடு திரும்பிவிடலாம். பனி அங்கேயும் பனிதான். சாலை நாளைச் சுருக்குவதைவிட நடையைச் சுருக்குவது மலிவு. முன்கூட்டி வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. மலையில் பனியைக் கொண்டுவரும் ‘மேற்கத்திய இடையூறு’ வருகிறதென்று வானிலை மையம் சில நாள் முன்பே சொல்லிவிடும். முசூரியில் பனி கொட்டினால், விகாஸ்நகர் வழியாக யமுனைக் கரையோடு போகிற தாழ்வான பாதைக்கு மாறலாமா, ஒரு நாள் பொறுக்கலாமா என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும்.

திரும்பும் நாளுக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். போகும்போது இருட்டு விழுவது குளிர்ந்த முனையில், வரும்போது சமவெளியை நெருங்குகிற முனையில். ஆகவே மேலே போக விடியலில் கிளம்பினால், கீழே வர அவசரப்படக் கூடாது. அன்றிரவே டெல்லியில் விமானம் பிடிக்கிற ஆள் காலை ஐந்துக்கே ஓட்டுநரை எழுப்புவார். சாங்க்ரிக்குக் கீழே உறைபனி கெட்டியாக இருக்கிற நேரம் அதுதான். விமானத்தை மறுநாளுக்குப் போட்டவர் இன்னொரு டீ சொல்லிவிட்டு, வளைவுகளில் வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருக்கலாம்.