திறந்திருக்கும் தரவுக் கருவூலம்

நுழையும் முன்

ஓர் ஆய்வின் முடிவை நாளிதழில் படிக்கிறோம். அம்முடிவுக்கு அடிப்படையான அளவீடுகளும் படங்களும் பிறகு என்ன ஆகின்றன? அவை பூட்டி வைக்கப்பட்டால் ஒருவருக்கு மட்டுமே பயன்படும். பொதுவில் வைக்கப்பட்டால், நாம் அறியாத ஒருவர் நாம் எண்ணாத உண்மையை அவற்றிலிருந்து காணலாம். அத்தகைய பொதுக் கருவூலம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஏவூர்தி சென்ற பின்

மாணவர்களே! நம் காளஹஸ்திக்கு நேர்கிழக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு உள்ளது. அங்கிருந்து ஏவூர்தி எழும்போது அண்ணாந்து பார்க்கிறோம். அது கண்ணுக்கு மறைந்ததும் நம் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறோம். அறிவியலாளரின் வேலையோ அதற்குப் பின்னரே பெருகுகிறது. விண்கலன் நாள்தோறும் அனுப்பும் அளவீடுகளையும் படங்களையும் பெறவேண்டும், பிழை நீக்கவேண்டும், வகைப்படுத்திக் காக்கவேண்டும். இவ்வாறு ஆய்வுக்காகத் திரட்டப்படும் செய்திகளின் தொகுதியே 'தரவு' எனப்படுகிறது.

கலன் மறைந்தது, தரவு வாழ்ந்தது

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 ஏவப்பட்டது. அது 11 கருவிகளைச் சுமந்து சென்றது. அவற்றுள் ஒன்று, நிலவின் கனிமங்களை ஆராய அமெரிக்காவின் நாசா நிறுவனம் அளித்த கருவியாகும். 2009 ஆகஸ்ட் இறுதியில் அக்கலனுடன் தொடர்பு அறுந்தது. அதன் பணி முடிந்துவிட்டது என்றே எவரும் கருதுவர்.

ஆயினும், அக்கருவி திரட்டிய தரவு பொதுக் காப்பகத்தில் இருந்தது. 2018ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாய் லீ என்பவர் தலைமையிலான குழுவினர் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். நிலவின் இரு துருவங்களிலும், கதிரவன் ஒளி ஒருபோதும் படாத பள்ளங்களில், மேற்பரப்பிலேயே பனிக்கட்டி இருப்பதற்கான நேரடிச் சான்றினைக் கண்டனர். கலன் அமைதியுற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், அதன் பழைய தரவிலிருந்து புதிய உண்மை பிறந்தது.

ஒரு புள்ளியைக் கண்ட பொறியாளர்

சந்திரயான்-2, 2019 ஜூலை 22 அன்று அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. செப்டம்பர் 7 அன்று அதிகாலையில் 'விக்ரம்' தரையிறங்கு கலன் நிலவை நெருங்கியபோது தொடர்பு அறுந்தது. நாடே வருந்தியது.

நிலவைச் சுற்றிவரும் நாசாவின் ஆய்வுக்கலன் ஒன்று, செப்டம்பர் 17 அன்று அப்பகுதியைப் படமெடுத்தது. அப்போது அங்கு நிழல்கள் நீண்டு கிடந்தன. நாசாவின் குழுவினரால் விக்ரமைக் கண்டறிய இயலவில்லை. அவர்கள் அப்படத்தை மறைத்து வைக்காமல், செப்டம்பர் 26 அன்று அனைவரும் பார்க்குமாறு இணையத்தில் வெளியிட்டனர்.

சென்னையில் இருந்த சண்முக சுப்பிரமணியன் என்னும் பொறியாளர் அப்படத்தைத் தம் கணினியில் இறக்கிக்கொண்டார். அவர் விண்வெளி நிறுவனம் எதிலும் பணிபுரிபவர் அல்லர். அதே பகுதியின் பழைய படங்களையும் பெற்று, புதிய படத்துடன் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று புதிய படத்தில் இருந்தது. அதனை நாசாவுக்கு எழுதித் தெரிவித்தார். நாசாவின் குழுவினர் மேலும் படங்களை ஆராய்ந்து, அது விக்ரமின் சிதறலே என உறுதிசெய்தனர். 2019 டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சுட்டியே அச்செய்தியை அறிவித்தனர்.

இங்கு ஒன்றை நுட்பமாகக் கவனிக்க வேண்டும். புதிய படம் மட்டும் இருந்திருந்தால் அப்புள்ளியைக் கண்டறிந்திருக்க முடியாது. பழைய படங்களும் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவை எவ்விடத்தில், எந்நாளில் எடுக்கப்பட்டவை என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. அதனால்தான் ஒப்பிட முடிந்தது. சண்முக சுப்பிரமணியனின் விடாமுயற்சிக்கு அக்காப்பகம் துணைநின்றது.

கல்வெட்டு கற்பிக்கும் பாடம்

இடமும் நாளும் குறிப்பது ஏன் இன்றியமையாதது? நம் ஊர்க் கோயிலிலேயே விடை உள்ளது. காளஹஸ்திக் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. உங்கள் தெலுங்குத் தோழர்கள் இவற்றைச் 'சாசனம்' என்பர். பொதுவாக ஒரு கொடைக் கல்வெட்டு, 'இவ்வளவு பொன்' என்று மட்டும் கூறி நிற்பதில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, கொடுத்தவர் யார், அவர் எந்த ஊரினர், கொடை எதற்கு என்பனவற்றையும் கூறும். அதனால்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாம் அதனைப் பொருள் உணர்ந்து படிக்கிறோம்.

தரவுக்கும் இத்தகைய விளக்கம் தேவை. '32' என்ற எண் மட்டும் இருந்தால் அது வெப்பமா, நீளமா, எடையா என்று தெரியாது. எங்கு, எப்போது, எந்தக் கருவியால், எந்த அலகில் அளக்கப்பட்டது என்பதைக் கூறும் குறிப்பினை 'மீதரவு' என்பர். மீதரவு இல்லாத தரவு, முகவரி இல்லாத கடிதம் போன்றது.

கருவூலத்தை அமைக்கும் முறை

தரவை இணையத்தில் ஏற்றினால் மட்டும் போதாது. அதற்கெனப் பொதுவான கட்டமைப்பு வேண்டும்.

முதலாவது, நிலையான காப்பகம். பெங்களூருக்கு அருகே பைலாலு என்னும் ஊரில் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் இயங்குகிறது. நம் நாட்டு அறிவியல் விண்கலன்களின் தரவு அங்குக் காக்கப்படுகிறது. சந்திரயான்-2 சுற்றுக்கலனின் முதல் தொகுதித் தரவு, 2020 டிசம்பரில் 'பிரதான்' என்னும் இணையத்தளத்தின் வழியாகப் பொதுவுக்கு வந்தது.

இரண்டாவது, பொதுவான கோப்பு வடிவம். ஒவ்வொருவரும் தத்தம் வழியில் எழுதினால் பிறரால் படிக்க இயலாது. வானியலாளர்கள் 1981 முதல் 'ஃபிட்ஸ்' என்னும் பொது வடிவத்தைக் கையாள்கின்றனர். 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அஸ்ட்ரோசாட் வானியல் கலனின் தரவும் அவ்வடிவிலேயே உள்ளது.

மூன்றாவது, பழையவற்றைப் புதிய வடிவுக்கு மாற்றுதல். கொடைக்கானல் வானாய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கதிரவனின் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. கண்ணாடித் தட்டுகளிலும் ஒளிப்படச் சுருள்களிலும் பதிந்த அப்படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினிப் படங்களாக மாற்றி இணையத்தில் வைத்துள்ளது. கண்ணாடி உடையலாம்; அதன் படிகள் பல இடங்களில் இருந்தால் தரவு அழியாது.

நான்காவது, நெறிமுறை. அஸ்ட்ரோசாட் தரவு, ஆய்வைத் திட்டமிட்டவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை உரியதாக இருக்கும். பிறகே அனைவருக்கும் திறக்கப்படும். உழைத்தவருக்கு உரிய வாய்ப்பு கிடைப்பதும் பொதுநலனும் இவ்வாறு இசைகின்றன. பயன்படுத்துவோர், தரவைத் தந்தவர் பெயரைக் குறிப்பிடுதல் கடமை. எல்லாத் தரவையும் திறந்துவிடவும் கூடாது. நோயாளியின் பெயரும் நோய் விவரமும் அவருக்கே உரியவை அல்லவா?

நிறைவாக

கணினியும் ஆர்வமும் பொறுமையும் உடைய எவரும் இன்று நிலவின் படங்களைப் பெறலாம். ஆனால் அந்த வாய்ப்பு தானாக அமையவில்லை. தரவைத் திரட்டியோர் அதற்கு விளக்கம் எழுதினர்; காத்தனர்; பகிர்ந்தனர். பிற்காலத்தவர் படிப்பதற்கெனக் கல்லில் பொறித்த நம் முன்னோரின் எண்ணமும் அதுவே. நீங்கள் நாளை எதை அளந்தாலும், அடுத்தவர் படிக்கும்படி எழுதிவையுங்கள்.

சொல்லும் பொருளும்

கருவூலம் – செல்வம் சேமித்து வைக்கும் இடம்
காப்பகம் – ஆவணங்களைப் பாதுகாக்கும் இடம்
மீதரவு – தரவைப் பற்றி விளக்கும் குறிப்பு
சிதறல் – உடைந்து பரவிய துண்டு

பயிற்சி

1. சந்திரயான்-1 கலனின் பணி முடிந்த பின்னும் அதன் தரவு எவ்வாறு பயன்பட்டது?
2. விக்ரமின் சிதறலைக் கண்டறியப் பழைய படங்கள் ஏன் தேவைப்பட்டன?
3. கல்வெட்டையும் மீதரவையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.
4. பிரித்து எழுதுக: அம்முடிவு, ஆட்சியாண்டு, ஒளிப்புள்ளி.

செயல்பாடு: பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலை நண்பகலில் பத்து நாள்கள் அளந்து அட்டவணையாக்குக. வாய்மொழி விளக்கம் தராமல் அதனை வேறொரு குழுவிடம் கொடுக்க. அவர்களால் நீங்கள் அளந்தது இன்னதென்று கூற முடிகிறதா? இயலாவிடில், எந்தக் குறிப்பு விடுபட்டது எனக் கண்டறிந்து சேர்க்க.