யாழ்ப்பாணத்திலே தங்கலும் உலாவும்

ஊர் காணப் புறப்படுகின்றவர் முதலில் வழியை விசாரிப்பர். அடுத்துத் தங்கும் இடத்தை விசாரிப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காணப் புறப்படுகின்றவர் இவ்விரண்டுக்கும் முன்னதாக விசாரிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது தண்ணீர். எந்த மாதத்தில் வருவது, எங்கே தங்குவது, எந்த நாளில் எத்திசை செல்வது என்னும் வினாக்களுக்கெல்லாம் இக்குடாநாட்டின் கிணறுகளே விடை கூறுகின்றன.

வட அமெரிக்காவிலே அரிசோனாப் பாலைநிலத்தில் டூசன் என்னும் நகரம் இருக்கின்றது. குளிர்காலம் வந்ததும், படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்திய மோட்டார் வண்டிகளோடு குடும்பங்கள் பல அங்கே சென்று தங்குகின்றன. நகரை நிலையாகக் கொண்டு, நாளுக்கொரு திசையாகச் சுற்றிப் பார்த்து மாலையில் திரும்புவது அவர்கள் வழக்கம். அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீற்றரே. ஆகையால் தொட்டியிலே எவ்வளவு நீர் எஞ்சியிருக்கின்றது என்னும் கணக்கே அவர்களுடைய நாளை வகுக்கின்றது.

இம்முறை யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. செல்வச்சந்நிதிக்கும் வல்லிபுரத்துக்கும் கூடார வண்டில்களிலே சென்ற நம் முன்னோர், பாயும் பானையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, மடங்களிலே இறங்கிச் சமைத்து உண்டு, மாடுகளை அவிழ்த்து இளைப்பாறினர். வழிநெடுகச் சுமைதாங்கியும், மாடு உடல் உராய்வதற்கு ஆவுரோஞ்சிக் கல்லும், நீர் குடிக்கக் கேணியும் அமைத்தவர்கள் ஊரவர்களே. பருத்தித்துறையில் வீதியையே தன் கூரைக்குள் அடக்கி நிற்கும் தெருமூடி மடம் அந்த விருந்தோம்பலுக்கு இன்றும் சான்று பகர்கின்றது. இப்பொழுது வானையும் சிற்றுந்தையும் வீடாக்கிக்கொண்டு வருகின்றவர்கள் அக்கூடார வண்டிலின் வழித்தோன்றல்களே எனலாம்.

யாழ்ப்பாணத்தில் டூசனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு மழை பெய்கின்றது. ஆயினும் இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடும். தொண்டைமானாறு என்பது பெயரளவில் ஆறேயன்றி உண்மையில் கடல்நீரேரியின் ஒரு கிளையாகும். பெய்யும் நீர் எங்கே போகின்றது? நிலத்தடியிலே சுண்ணாம்புக்கல் படிந்திருக்கின்றது. அதன் வெடிப்புக்களிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலால் அது மேலே நிற்கும். கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட விதி. மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறிவிடும் என்பதும் அதே விதியின் மறுபக்கம். கிணற்றிலே தண்ணீர் குறையாது தோன்றும். ஆனால் அது சவராகிவிடும். சவரான கிணறு மீண்டும் இனிப்பதற்கு நல்ல மாரிகள் சில வேண்டும்.

இதனை உணர்ந்தவர் வரும் காலத்தைத் தாமே தெரிந்துகொள்வர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு மழை வரும். தைமாதம் தொடங்கிப் பங்குனிவரை கிணறுகள் நிறைந்திருக்கும், வெயிலும் கடுமையாகாது, பனங்கிழங்கும் கிடைக்கும். புதியவர்க்கு இதுவே உகந்த காலம். வைகாசிக்குப் பின் சோளகம் வீசும். நிலம் வறண்டு, கிணறுகள் தாழும். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறும். அதனைக் காண விரும்புவோர் தங்குமிடத்தை மிக முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்நாட்களிலே கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வண்டிகளுக்கு இடமில்லை.

தங்குவதற்கு யாழ்ப்பாண நகரும் நல்லூரும் ஏற்ற இடங்கள். மேல்நாடுகளிற்போல வண்டியில் வாழ்வோருக்கென நீர்க்குழாயும் கழிவுக்குழியும் அமைந்த தரிப்பிடங்கள் இங்கே பரவவில்லை. ஆகவே விடுதி ஒன்றின் வளவிலோ, உறவினர் வீட்டு வளவிலோ, உரியவரின் அனுமதி பெற்று வண்டியை நிறுத்துவதே முறை. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லீற்றர் என்று கொண்டால், நால்வருக்கு இருபத்தைந்து லீற்றர்க் கலன் ஒன்று காலையிலே நிரப்பப்பட வேண்டும்.

முதல் நாளை நகருக்கே அளிப்பது நன்று. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவிலே பெருக்கிக் கட்டிய கோட்டை கடலேரியின் கரையில் இருக்கின்றது. அருகே பொதுநூலகம். 1981இல் தீயிடப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, மீண்டும் எழுப்பப்பட்ட அந்த வெண்மையான கட்டிடத்தின் முன்னே நின்று பார்ப்பவர் உள்ளம் கனியாதிருக்க முடியாது. மாலையில் நல்லூர் செல்லலாம்.

இரண்டாம் நாள் வடமேற்கே செல்லலாம். கந்தரோடையிலே பனைகளின் நடுவே சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. அங்கிருந்து கீரிமலை. கடல் அலை மோதும் கரையிலேயே நன்னீர் ஊற்றுக் கேணி அமைந்திருப்பதைக் கண்டு வியவாதார் இல்லை. உள்நாட்டிலே பெய்த மழை, சுண்ணாம்புக்கற் குகைவழியே நடந்து, இங்கே கடலைச் சேரப் புறப்படுகின்றது. அங்கு நீராடுவோர் சவர்க்காரத்தை வண்டியிலேயே வைத்துச் செல்வார்களாக. பிற்பகலில் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலே இளைப்பாறலாம்.

மூன்றாம் நாள் வடமராட்சி. வழியிலே நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கின்றது. இராமபிரான் அம்பு எய்து தோற்றுவித்தது என்பது ஐதிகம். மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக அமைந்த அக்கிணறு, நிலத்தடி விதியைக் கண்முன் காட்டும் பாடசாலையாகும். தொண்டைமானாற்றில் கடல்நீர் உட்புகாது தடுக்கும் கதவணையைக் காணலாம். ஏரிகளை நன்னீராக்கி, ஆனையிறவுப் பக்கத்து மழைநீரையும் கால்வாய் வழியே கொண்டுவந்து, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றை உண்டாக்கலாம் என 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வகுத்தார். அது முற்றுப்பெறாமலே நின்றது. பருத்தித்துறையைக் கடந்தால் வல்லிபுர ஆழ்வார் கோயில், அதற்கப்பால் மணற்காடு. பாலைவனத்தின் ஒரு துண்டு கடலோரத்தில் வந்து விழுந்ததுபோல் மணற்குன்றுகள் தோன்றும். மணலிலே புதையுண்ட பழைய தேவாலயத்தின் சுவர்களும் அங்கே உண்டு. இம்மணல் வெறும் காட்சிப்பொருளன்று. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அயற்கிணறுகளை இனிக்கச் செய்வதும் அதுவே.

நான்காம் நாளைத் தீவுகளுக்கு ஒதுக்கலாம். தாம்போதிகளின் வழியே குறிகட்டுவான் துறையை அடைந்து, வண்டியை அங்கே விட்டுப் படகேற வேண்டும். நயினாதீவு அண்மையிலுள்ளது, நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அங்கே உள்ளன. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். பவளப்பாறைக் கல்லால் அடுக்கிய வேலிகளும், பெருக்கமரமும், கட்டைக் குதிரைகளும் அதன் சிறப்புக்கள். வறட்சி மிகுந்த காலங்களில் அக்குதிரைகள் நீரின்றி மடிவதும் உண்டு. எனவே அங்குச் செல்வோர் தம் குடிநீரைத் தாமே கொண்டு செல்வது கடமை. காற்று மிகுந்தால் படகு நிற்கும். ஆதலின் திரும்பும் படகின் நேரத்தை ஏறுமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. சுண்ணாம்புக்கல்லின்மேல் மண் மெல்லியதாகவே படிந்திருக்கின்றது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்ந்துவிடும். 2014ஆம் ஆண்டையொட்டிச் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது வெளிப்பட்டது. தம் வளவுக் கிணற்றையே நம்பியிருந்த குடும்பங்கள் வாளியோடு நீர்ப் பவுசரை எதிர்பார்த்து நின்றன. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. தோட்டங்களில் மிகையாக இடும் உரத்தால் நைத்திரேற்றும் கிணறுகளிற் கலக்கின்றது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று நீங்காது. ஆகையால் கைக்குழந்தையோடு வருவோர் பால்மா கரைப்பதற்குப் பாதுகாப்பான நீரைத் தனியே வைத்துக்கொள்க. 2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் அது வந்ததனால் கிணற்றைக் கைவிட்டுவிடலாம் என்று எண்ணுவது பேதைமை.

எனவே வண்டியின் மலசலத் தொட்டியை வெளிநிலத்திலோ கடலேரியிலோ திறந்துவிடலாகாது; முறையான கழிவுக்குழி உள்ள இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீரையும் கிணற்றடியிற் கொட்டலாகாது. வண்டியின் எண்ணெயை மாற்றுவது தொழிற்சாலையிலே செய்யவேண்டிய வேலை. பனந்தோப்பு அதற்கு இடமன்று. நீர் இறைக்கும் இயந்திரத்தை வேண்டிய அளவுக்குமேல் ஓடவிடலாகாது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் களைப்பதில்லை; ஆதலின் இன்று காவல் மனிதனுடைய அறிவிலேதான் இருக்கின்றது.

கோட்டையும் கோயிலும் மணற்குன்றும் காண்பதற்கு நான்கு நாட்கள் போதும். ஆனால் வந்தவர் சென்றபின்னும் அவ்வளவிலே குடியிருப்போர் அதே கிணற்றில்தான் நாளைக்கும் அள்ள வேண்டும். தாம் முகந்த நீர் எவ்வளவு இனித்ததோ, அவ்வளவு இனிப்பாகவே அதனை விட்டுச் செல்லும் பயணியே யாழ்ப்பாணத்தை உண்மையாகக் கண்டவராவார்.