முதல் கல்லுலேயே அரியரா பாஸ்?

எம்-ஒன் அரியரைக் கையில வெச்சுக்கிட்டு, எட்டாவது செமஸ்டர் பிராஜெக்ட் வைவாவுக்கு டை கட்டிட்டு நிக்கிற சீனியரைப் பார்த்திருப்பீங்க. வைவால அவர் பட்டையைக் கிளப்பினாலும் டிகிரி மட்டும் வராது. சவரக்கத்தி தீட்டுறதும் அச்சு அசல் அதே கதைதான்! முதல் கல்லுல 'பெவல்' செட் ஆகலைன்னா, அப்புறம் எத்தனை ஆயிரம் ரூபாய் கல்லுல தேய்ச்சாலும் கத்தி தாடியை இழுக்குமே தவிர, வெட்டாது.

'நாலு பிளேடு ரேஸர் கடைக்குக் கடை தொங்குது. இப்பப் போய் எதுக்குப்பா சவரக்கத்தி?'ன்னு கேட்கிறீங்களா? எங்க ஹாஸ்டல் மெக்கானிக்கல் பையன் ஒருத்தன்கிட்ட காரணம் இருக்கு. அவன் தாத்தா விருதுநகர் பக்கம் சலூன் வெச்சிருந்தவர். 1986-ல் இந்தியாவுலேயே முதன்முதலா சென்னையில எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டுச்சு இல்லையா... அதுக்கப்புறம் விழிப்பு உணர்வு ஊர் ஊரா பரவ, சலூன்கள் ஆளுக்கொரு புது பிளேடுன்னு மாறிடுச்சு. ரொம்ப நல்ல மாற்றம். தாத்தாவும் மாறினார். ஜெர்மனியோட சோலிங்கன் முத்திரை குத்தின ரெண்டு கத்திகளும் தகரப் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

இப்ப தாத்தாவுக்குப் பார்வை மங்கல், கை நடுக்கம். "அதைத் தீட்டிக் குடுறா. என் மூஞ்சிக்கு மட்டும் ஒரு தடவை அதுல மழிச்சுக்கிறேன்"னு பேரன்கிட்ட கேட்டிருக்கார். பையனும் ஆயிரம் கிரிட் கல் வாங்கி மூணு வாரமா தேய்ச்சான். கத்தி வெட்டலை. ஒருநாள் நூறு தடவை, மறுநாள் இருநூறு தடவைன்னு எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போனான். அங்கதான் எங்களுக்கு பக்குன்னு ஆச்சு. ஏன்னா, தேய்ஞ்சு போன எஃகு திரும்ப வராது. காரணம் தெரியாம தேய்க்கிற ஒவ்வொரு தேய்ப்பும் தாத்தா கத்தியோட ஆயுசைத்தான் குறைக்குது.

சரி, பெவல்னா என்ன? சவரக்கத்தியோட முதுகு தடிமனா இருக்கிறது அழகுக்கு இல்லை. முதுகும் வாயும் ஒரே நேரத்துல கல்லுல படுக்கணும். அப்ப கோணம் தானா அமைஞ்சிடும். முதுகு 4.5 மி.மீ. தடிமன், முதுகுலேருந்து வாய் வரை 16 மி.மீ. அகலம்னு வெச்சுக்கங்க. தடிமன்ல பாதியை அகலத்தால வகுத்து, கால்குலேட்டர்ல சைன் இன்வர்ஸ் தட்டி, ரெண்டால பெருக்குங்க. 16 டிகிரி சொச்சம்! கோணத்தை நம்ம கை பிடிக்கவே வேண்டாம், கத்தியே பிடிச்சுக்கும். இப்படி ரெண்டு பக்கமும் உருவாகுற சரிவுகள், கைப்பிடிப் பக்கத்து அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே கோட்டுல சந்திச்சா பெவல் செட். 4000, 8000 கிரிட் கல்லெல்லாம் அந்தக் கோட்டை மெருகேத்த வந்தவைதான். இல்லாத கோட்டை எப்படி மெருகேத்தும்?

சந்திச்சுடுச்சான்னு கண்டுபிடிக்க மேஜை விளக்கு போதும். கத்தி வாயை மேல் பக்கமா திருப்பி விளக்குக்கு அடியில ஆட்டிப் பாருங்க. நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது. எங்கயாவது வெள்ளைக் கோடோ, புள்ளியோ மினுக்குச்சுன்னா, அந்த இடத்துல சரிவுகள் இன்னும் சந்திக்கலை. சில பேர் முன்கை முடியில பார்ப்பாங்க. அதுவும் சரிதான். ஆனா, ஒரே இடத்துல பார்த்துட்டு 'ஆஹா'ன்னு குதிக்கக் கூடாது. அடி, நடு, நுனின்னு தனித்தனியா பார்க்கணும்.

வெட்டலைன்னு தெரிஞ்சாச்சு. எங்கே, ஏன்? இதுக்கு பெர்மனென்ட் மார்க்கர்தான் சி.பி.ஐ. ஆபீஸர்! ரெண்டு பக்கச் சரிவுலயும் மையைத் தடவி, அழுத்தாம நாலே நாலு தடவை கல்லுல ஓட்டிட்டுப் பாருங்க. மை போன இடம் கல்லுல படுது. மை நிக்கிற இடம் படலை. சர்ஃபேஸ் பிளேட்ல நீலச் சாயம் தடவி மேடு பள்ளம் கண்டுபிடிப்பாங்களே, அதே டெக்னிக்தான்.

நம்ம பையன் கத்தியில தடவினோம். நுனியும் நடுவும் பளிச். அடிப்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மை சிரிச்சுக்கிட்டு நிக்குது, அதுவும் ரெண்டு பக்கமும்! காரணம், கைப்பிடிக்குப் போற தண்டுகிட்ட கத்தி கொஞ்சம் தடிச்சிருக்கும். அந்தத் தடிப்பு கல்மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிற வாயைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. மூணு வாரம் இல்லை, மூணு வருஷம் தேய்ச்சாலும் அந்த இடத்துல கல் படாது. வைத்தியம் சிம்பிள். தடிப்பு கல்லோட ஓரத்துக்கு வெளியே தொங்குற மாதிரி கத்தியை வெச்சு, குறுக்கா சரிச்சு ஓட்டணும். அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு போன் போட்டுச் சொன்னா, அவர் மார்க்கருக்கே சிரிக்கிறார். "கல்லுல தண்ணி விட்டுத்தானே தேய்க்கிறீங்க தம்பி? கத்தி போகப் போக தண்ணி வாய்மேல ஏறி வரணும். எங்க ஏறலையோ அங்க படலை!" யோசிச்சுப் பாருங்க, செலவே இல்லாத சென்ஸார்.

அடுத்த வில்லன், கை பலம். வெட்டலைன்னதும் நாம எல்லோரும் அழுத்துவோம். ஆனா, சவரக்கத்தி ரெண்டு பக்கமும் குடைஞ்ச மெல்லிசு தகடு. அழுத்தினா வளையும். வளைஞ்சா கல் வாய்க்குப் பின்னாடியே அறுத்துட்டிருக்கும், நுனிக்கோட்டுல படாது. ஆரம்பத்துல கொஞ்சம் அழுத்தலாம். சரிவுகள் நெருங்க நெருங்க கத்தியோட எடையே போதும். ஒரே பக்கத்தை மட்டும் ஓவரா தேய்ச்சா மறுபக்கம் பிசிறு கிளம்பும். அது முடியை வெட்டி நம்மளை நல்லா ஏமாத்திட்டு, அடுத்த கல்லுல உடைஞ்சு போயிடும். அதனால பக்கத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க.

கல்லையும் சந்தேகப்படணும். மூணு வாரம் தேய்ச்ச கல் நடுவுல குழிஞ்சிருக்காதா? கல்மேல பென்சிலால கட்டம் போட்டு, கண்ணாடித் தகடுமேல ஈரமான எமரி ஷீட்டை விரிச்சு தேய்ச்சோம். ஓரத்துக் கோடெல்லாம் உடனே போச்சு, நடுவுல மட்டும் நின்னுச்சு. கட்டம் மொத்தமும் அழியிற வரைக்கும் தேய்ச்சா கல் சமம்.

மை வேற மாதிரி நின்னா வேற வியாதி. ஒரு பக்கம் நடுவுலயும் மறுபக்கம் ரெண்டு ஓரத்துலயும் நின்னா, கத்தியே முறுக்கி இருக்கு. நேரா ஓட்டாம, லேசா உருட்டின மாதிரி ஓட்டணும். வாயோட ஓரத்துல மட்டும் மயிரிழையா நின்னா, முன்னாடி தீட்டினவர் முதுகுல இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டியிருக்கலாம். அந்த மெல்லிசு டேப்பே கோணத்தை ஏறக்குறைய ஒரு டிகிரி கூட்டிடும். நீங்களும் டேப் ஒட்டினா வேலை குறையும். ரெண்டு பக்கமும் நட்ட நடுவுல மட்டும் நின்னா, வாய் உள்வாங்கி இருக்குன்னு அர்த்தம். இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான கேஸ். நடுவுக்குச் சமமா வர்ற வரைக்கும் அடியையும் நுனியையும் கரைக்கணும்.

'தெருவுல சாணை பிடிக்கிறவர்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை'ன்னு ஐடியா குடுத்தான் ஒரு சிவில் பையன். அருவாமனைக்கு ஓகே. சவரக்கத்திக்கு வேண்டவே வேண்டாம்! சக்கரத்தோட சூட்டுல மெல்லிசான வாய் நீலம் பாரிச்சா, சுமார் 300 டிகிரியைத் தொட்டுடுச்சுன்னு அர்த்தம். ஏத்தின கடினம் இறங்கிடும். மெட்டலர்ஜி பேப்பர்ல மார்க் வாங்கின ஆளுங்க அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கப்பா.

தடிப்பை வெளியே தள்ளி, கல்லைச் சமமாக்கி, கையை லேசாக்கினதும் பையனுக்கு ரெண்டே சாயங்காலம்தான் தேவைப்பட்டுச்சு. விளக்குல மினுக்கல் இல்லை. முன்கை முடி அடியிலேருந்து நுனி வரை ஒரே மாதிரி விழுந்துச்சு. அப்புறம் 4000, 8000, கடைசியில தோல் பட்டை. தீபாவளி லீவுல கத்தி ஊருக்குப் போச்சு. தாத்தாவுக்குக் கை நடுங்குது, பேரனுக்கோ அடுத்தவர் கழுத்துல கத்தி வெக்க தைரியம் இல்லை. தாத்தாகிட்ட தொழில் கத்துக்கிட்டு இப்ப அதே தெருவுல சலூன் வெச்சிருக்கிற அண்ணன் வீட்டுக்கே வந்து மழிச்சு விட்டாராம். தாத்தா கன்னத்தைத் தடவிப் பார்த்துட்டு, "மேல் உதட்டுக்கிட்ட லேசா இழுக்குது, நுனியில இன்னும் பத்து ஓட்டு ஓட்டு"ன்னாராம்!

இப்ப ரெண்டாவது கத்தியும் ஹாஸ்டலுக்கு வந்தாச்சு. மார்க்கர் தடவிப் பார்த்தோம். ரெண்டு பக்கமும், நட்ட நடுவுல மை அப்படியே நிக்குது.