உருகும், ஆனால் ஓடாது!

உள்ளே விடுவதற்கு முன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். செல்போனுக்காக இல்லை, சிகரெட்டுக்காக! டெஃப்லான் பாகங்கள் செய்யும் பட்டறையில் முதல் சட்டமே அதுதான். கையில் ஒட்டிய வெள்ளைத் தூள் துளியூண்டு சிகரெட்டில் பட்டு, அதைப் பற்றவைத்து இழுத்தால் போதும், சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்து சேரும். ‘பாலிமர் புகைக் காய்ச்சல்’ என்று மருத்துவத்தில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. நெருப்புப் பக்கம் போகாதவரை இந்தத் தூள் பரம சாது. அமிலத்தில் போடுங்கள், காரத்தில் போடுங்கள், அசையவே அசையாது.

தோசைக்கல்லின் மேல் மெல்லிய பூச்சாகவே பார்த்துப் பழகிய பொருளை, இங்கே இடுப்புயர உருளையாகப் பார்க்கலாம். முழுப்பெயர் பாலிடெட்ராஃப்ளூரோஎதிலீன். பட்டறையில் அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, பி.டி.எஃப்.இ. அவ்வளவுதான்.

முதல் அறையில் ஏ.சி. ஓடுகிறது. நமக்காக என்று நினைத்து நன்றி சொல்லிவிடாதீர்கள், அது தூளுக்கு! 19 டிகிரியைத் தாண்டும்போது இந்தப் பொருளின் படிக அமைப்பே மாறுகிறது. கன அளவு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. அறை சூடாக இருந்தால் தூள் கட்டிதட்டும், ரொம்பக் குளிர்ந்தால் அழுத்தும்போது சரியாகப் படியாது. ஆகவே இருபதுகளின் தொடக்கத்திலேயே வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பிரஸ். தூளை அச்சில் கொட்டிச் சமப்படுத்தி, மேலிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற நேரம் வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் விரிசல் காத்திருக்கிறது. சதுர செ.மீ.க்குச் சுமார் 200 முதல் 350 கிலோ அழுத்தம். கொட்டிய உயரத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் மிஞ்சும். வெளியே வருவது சுடாத பச்சைச் செங்கல்தான்: வடிவம் இருக்கும், வலு இருக்காது. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும்.

இனிமேல்தான் வேடிக்கை! அது ஓவனுக்குள் போகிறது. வெப்பம் மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 360, 380 டிகிரியில் நிற்கிறது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் முறைப்பார்கள். திடீர்க் குளிர் பட்டால் உருளை பிளந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? 340 டிகிரி வாக்கில் அந்தப் பால்வெள்ளை மறைந்து, உருளை கண்ணாடியாய்த் தெளிந்துவிடுகிறது. கன அளவில் கால் பங்கு பெருக்கிறது. உருகிவிட்டது, ஆனால் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை! நின்ற இடத்தில் நின்ற வடிவத்தில் அப்படியே நிற்கிறது. மூலக்கூறு ஒவ்வொன்றும் அத்தனை நீளம். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர மறுக்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் குழம்பைவிட இதன் கெட்டித்தன்மை பல லட்சம் மடங்கு அதிகம். வாளி, டப்பா செய்கிறமாதிரி ஊசியில் செலுத்தி அச்சில் நிரப்பும் வித்தையெல்லாம் இதனிடம் நடக்காது. ஓடுகிற உறவுக்காரர் ஒருவர் உண்டு, பெயர் பி.எஃப்.ஏ., 1972இல் சந்தைக்கு வந்தவர். அவரை ஊசி அச்சில் வார்க்கலாம்.  

சூடேற்றியதைப்போலவே ஆறவிடுவதும் பொறுமையாகத்தான். பெரிய உருளைக்கு எல்லாம் சேர்த்து நாள் கணக்கில் ஆகும்.

பிறகு லேத். வெள்ளைச் சுருள் அறுபடாமல் நீள நீளமாகக் கழன்று விழுகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். இன்னொரு மூலையில் சுழலும் உருளையின் மேல் அகலமான கத்தியை வைத்துத் தோல் உரிக்கிறார்கள். கேஸ்கட் வெட்டும் தகடு அப்படித்தான் பிறக்கிறது. அளவு பார்ப்பவர் மைக்ரோமீட்டரைத் தொடும்முன் வெப்பமானியைப் பார்க்கிறார். அந்த 19 டிகிரி வம்பு இங்கேயும் விடவில்லை: குளிர்ந்த பாகத்தை அளந்தால் அளவே பொய் சொல்லும். இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பாரம் தாங்கிப் பழக்கமும் கிடையாது, நாள்பட அமுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் வால்வு சீட்டுக்கும் சீலுக்கும் கண்ணாடி இழை, கார்பன், வெண்கலத் தூள் என்று எதையாவது கலந்து முட்டுக்கொடுக்கிறார்கள்.

இத்தனையும் காலிபோலத் தெரிந்த ஒரு சிலிண்டரின் புண்ணியம்! 1938 ஏப்ரல் 6, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டூபான்ட் ஆய்வகம். அங்கே வேதியியலாளர் ராய் பிளங்கெட் திறந்த சிலிண்டரிலிருந்து வாயு வரவில்லை, எடை மட்டும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தார்கள், உள்ளே வெள்ளைத் தூள். பின்னால் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் எதையும் அரிக்கும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவைத் தடுத்து நிறுத்த இதைத்தான் சீலாக வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஓவனையே பார்க்காத பிள்ளை ஒன்று நம் வீட்டுக்கே வருகிறது: குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப். நுண்தூளைப் பெட்ரோலிய எண்ணெயில் குழைத்து, பிதுக்கி, உருளைகளுக்கு இடையில் தட்டையாக்கி, உலர்த்தி எடுப்பது, சுடுவதே இல்லை. அடுத்தமுறை பிளம்பர் வரும்போது ஒரு சாண் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது எவ்வளவு நீள்கிறது என்று நீங்களே வியப்பீர்கள்.