கீழாநெல்லி: மூட்டை கட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் மழைக்குத் தானாக முளைக்கும் கீழாநெல்லியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மஞ்சள் காமாலை என்றதும் இதை அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் பழக்கம் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. மூலிகை நிறுவனங்கள் வாங்குவதால் தனிப்பயிராகச் சாகுபடி செய்வோரும் உள்ளனர். இந்தச் செடியை மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்தபோது என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படி அறுத்து, எப்படி விற்க வேண்டும் என்பதும் விளங்கும்.

சென்னையில் நடந்த சோதனை

1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க்கும் அந்த ஆய்வில் பங்கெடுத்தார். அக்கிருமியை உடலில் சுமப்பவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம், தினமும் 3 வேளை, 30 நாட்கள் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து தரப்பட்டது.

சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களுக்குள் இரத்தத்தைச் சோதித்தனர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதம் பேருக்கு, கிருமியின் மேலுறைப் புரதம் தென்படவில்லை. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

வெற்று மருந்து எதற்கு என்று கேட்கலாம். புதிய உரத்தைச் சோதிக்கும்போது, அந்த உரம் போடாத ஒரு பாத்தியையும் பக்கத்திலேயே விடுகிறீர்கள் அல்லவா? அது இல்லாவிட்டால் விளைச்சல் கூடியது உரத்தாலா, மழையாலா என்று சொல்ல முடியாது. காமாலையிலும் இதே சிக்கல் உண்டு. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்த நாட்களில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

மற்ற நாடுகளில் கிடைக்காத பலன்

சென்னை முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. 2011ல் பல சோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இச்செடி இனங்கள் வெற்று மருந்தைவிடப் பலன் தருகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது.

ஏன் இந்த வேறுபாடு? செடியின் இனம், விளைந்த இடம், பதப்படுத்திய முறை, நோயாளிகளின் நிலை எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. இவற்றில் முதல் மூன்றும் விவசாயியின் கையில் இருப்பவை.

கடைச்சரக்கில் கலப்பு

பழைய நூல்கள் பலவற்றில் கீழாநெல்லியின் தாவரப் பெயர் 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே இருக்கும். நம் வயல்களில் பரவலாக வளர்வதோ 'பில்லாந்தஸ் அமாரஸ்'. 2010ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 25 கடைகளில் விற்ற கீழாநெல்லிச் சரக்கை மரபணு முறையில் சோதித்தனர். சுமார் 76 சதவீதச் சரக்கில்தான் அமாரஸ் இனம் முதன்மையாக இருந்தது. மீதியில் இதே குடும்பத்தின் வேறு 5 இனங்கள் இருந்தன. மூட்டையில் இருப்பது எந்தச் செடி என்றே தெரியாதபோது, அதைக் கொண்டு செய்யும் சோதனையின் முடிவை எப்படி நம்புவது?

நீங்கள் செய்ய வேண்டியவை

* இலைக்கொத்தைத் திருப்பிப் பாருங்கள். அமாரஸில் காய்கள் வழவழப்பாக, சிறு காம்புடன் தொங்கும். காம்பில்லாமல், சொரசொரப்பான காயுடன், தண்டு செந்நிறமாக இருந்தால் அது வேறு இனம். இலையின் அடி குறுகி நுனி அகன்றிருந்தால் மேலாநெல்லியாக இருக்கலாம்.

* ஐயம் வந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பூவைப் பாருங்கள். அமாரஸுக்கு 5 இதழ்கள். அதைப்போலவே தோன்றும் பிரடெர்னஸ் இனத்துக்கு 6 இதழ்கள்.

* விதையை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். வரப்பில் தானாக முளைத்ததைச் சேர்த்து எடை கூட்டாதீர்கள்.

* இதன் முக்கிய வேதிப்பொருட்களான பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் இரண்டும் இலையில்தான் அதிகம். எனவே இலை பச்சையாக, உதிராமல் இருக்கும்போதே அறுவடை செய்யுங்கள். இலை உதிர்ந்த குச்சி எடைக்கு உதவுமே தவிர, மருந்துக்கு உதவாது.

* வேரோடு பிடுங்கினால் மண்ணை நன்றாக அலசி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மண் ஒட்டியிருந்தால் சாம்பல் அளவுச் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும்.

* விதைத்த நாள், அறுத்த நாள், அடித்த மருந்துகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தரம் பார்த்து வாங்குபவர் கேட்டால் காட்டலாம்.

காமாலை வந்தால்

கீழாநெல்லி விளைவிப்பவரிடமும் வேளாண் அலுவலரிடமும் ஊர்க்காரர்கள் வைத்தியம் கேட்பது வழக்கம். மஞ்சள் காமாலை ஒரு அறிகுறிதான். கிருமி, குடிப்பழக்கம், பித்தப்பைக் கல், சில மாத்திரைகள் என அதற்குக் காரணங்கள் பல. கண் மஞ்சளானால் முதலில் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குக் காமாலை வந்தாலும், நோயாளிக்கு மயக்கம், மனக்குழப்பம், இரத்தக்கசிவு இருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மூலிகை சாப்பிட்டு வந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். உங்கள் வீட்டில் பிரசவம் நடக்கவிருந்தால், இந்த ஊசியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.